நீல வளையம்

நான்கு பேர் கைதட்டினார்கள். மேனேஜர் எழுந்து நின்று, தலையைச் சாய்த்து வாங்கிக்கொண்டார்.

சுவர்த்திரையில் பச்சை எழுத்து: எச்சரிக்கைகள் பூஜ்யம்.

மருத்துவமனைக்கு முன்பதிவு செய்யும் இணையப் பக்கம் அது. அதன் நிறம், எழுத்து, இடைவெளி எல்லாவற்றையும் சொல்லும் ஸ்டைல் ஃபைலை ஒரு கருவி தானாகவே எழுதித் தள்ளும். பக்கத்தைத் தாங்கி நிற்கும் ஃபிரேம்வொர்க்கைப் புதுப்பித்ததும் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. வரிக்கு வரி சண்டை, சண்டைக்கு ஒரு எச்சரிக்கை.

அந்த வரிகளைத் தேடிப் பிடித்துத் திருத்த ஸ்கிரிப்ட் என்கிற குட்டி நிரலை எழுதியவள் நான். மூன்று வாரம் ஆனது.

திருத்தும். அழிக்காது.

நேற்று நான் விடுப்பு. மேனேஜர் அதில் கைவைத்துவிட்டார். எச்சரிக்கை வருகிற வரியா, அழி. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

அதில் நீல வளையமும் போயிருந்தது. மவுஸ் இல்லாமல், டேப் விசையைத் தட்டித் தட்டிப் பக்கத்தில் நகர்கிறவர்களுக்கு, எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று காட்டுவது அந்த வளையம்தான்.

சொன்னேன். வெறும் அலங்காரம் என்று சிரித்தார்.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. மவுஸின் ஒயரைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன். கீபோர்டை அவர் முன்னால் தள்ளி, ஒரு முன்பதிவு செய்துகாட்டச் சொன்னேன்.

டேப். டேப். டேப்.

எங்கே நிற்கிறார் என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. குத்துமதிப்பாக என்டரைத் தட்டினார்.

'உங்கள் முன்பதிவு ரத்து செய்யப்பட்டது' என்றது திரை.

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

மேனேஜரின் முகம் கறுத்தது. "எவன்மா இந்தக் காலத்துல மவுஸைத் தொடாம வேலை பாக்குறான்? ஒரே ஒரு ஆளைக் காட்டு. இப்பவே அந்த வரியைத் திருப்பிப் போட்டுடறேன்!"

கண்ணாடிச் சுவருக்கு வெளியே என் மேசையைக் காட்டினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, அந்த வரியைத் தன் கையாலேயே திருப்பிப் போட்டார்.

என் கைகள் நடுங்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த மேசையில் மவுஸ் கிடையாது. இரண்டு வருடம் ஆகிறது.

அவருடைய நாற்காலி அதற்கு நேர் எதிரே.