மேசைமேல் ஒரு சடை

"கோவிச்சுக்காதீங்க. உங்க பொண்ணு என்ற பொண்ணோட சடையை வெட்டிப்போட்டா. அவ்வளவுதானுங்க சொல்ல வந்தேன்" என்றார் தீனதயாளன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"தப்புத்தானுங்க" என்று கும்பிட்டார் தங்கசாமி.

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். சமாதானத்துக்கு ஒரு அட்டை முட்டை கொண்டுவந்து தலைமையாசிரியை மைதிலியின் மேசையில் வைத்திருந்தார். பக்கத்திலேயே தீனதயாளன் மகள் நித்யஸ்ரீயின் சடை கிடந்தது.

விடுதிப் பள்ளி அது. புகார் என்றால் இரண்டு பக்கத்து அப்பா அம்மாவும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தங்கசாமி மகள் தனப்பிரியாவுக்கு டி.சி. கொடுப்பதா என்பது அப்புறம்தான்.

தீனதயாளனும் மனைவி சுகன்யாவும் தனித்தனி பஸ்ஸில் வந்திருந்தார்கள். இரண்டு வருஷமாகத் தனித்தனி வீடு. நடுவில் ஒரு நாற்காலி. அதில் சுகன்யாவின் கைப்பை.

"முட்டையெல்லாம் எதுக்குங்க" என்றாள் சுகன்யா, சிரித்த முகமாக.

"இருக்கட்டுங்க. முப்பது இருக்குது. ஊட்டுக்குப் பதினஞ்சா பிரிச்சுக்கலாம்."

தங்கசாமியின் மனைவி அவர் சட்டையை இழுத்தாள். மனுஷன் நிறுத்தினால்தானே!

"எம்பொண்ணு எறும்பைக்கூட மிதிக்க மாட்டாளுங்க. இந்தம்மா ஒழுங்காக் குடும்பம் நடத்தியிருந்தா..."

தீனதயாளன் எழுந்துவிட்டார்.

"என்ற சம்சாரத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. ஒத்தையாளா நின்னு புள்ளையைப் படிக்க வெக்கறவ அவ. நானில்ல."



சுகன்யா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க" என்றாள்.

அவர் அந்த நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்கோங்க. வாய் நீண்டுபோச்சு" என்றார் தங்கசாமி.

நாலு பேரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு மைதிலி சடையைக் கையில் எடுத்தார். இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட். ஒரு முடி கலையவில்லை. சண்டையில் யாராவது இவ்வளவு பதனமாக வெட்டுவார்களா?

வெளியே நின்ற மாணவிகள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"யாரு வெட்டினது?"

"நானேதான் மேடம்" என்றாள் நித்யஸ்ரீ, தலையைக் குனிந்துகொண்டு.

மைதிலி தனப்பிரியா பக்கம் திரும்பினார்.

"டி.சி. கிழிச்சிருப்பேனே. நீ எதுக்கும்மா பழியை ஏத்துக்கிட்டே?"

தனப்பிரியா ஜன்னல் வழியே பார்த்தாள். வராண்டாவில் சுகன்யா டீயை ஆற்றித் தீனதயாளனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"புகார்னாத்தான மேடம், அவ அப்பாவும் அம்மாவும் ஒரே ரூமுக்கு வருவாங்க."