சென்ட்டு மாப்பிள்ளை

"எங்களை ரப்பர் படகுல தள்ளி விட்டுட்டு, அந்த ஆளு தன் சாமானை எடுக்க மறுபடியும் உள்ள போயிட்டான் சார்! மனுஷனா அவன்?"

போர்த்தியிருந்த துண்டுக்குள் நடுங்கிக்கொண்டே கத்தினார் டீச்சரம்மா. ஏரியைச் சுற்றிப் பார்க்க விமானம் ஏறிய ஆறு பேரில் அவருக்குத்தான் குரல் மிச்சமிருந்தது.

கேட்டுக்கொண்டிருந்த விமான மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். அந்த 'ஆளு' வேறு யாருமில்லை, விமானி, அவருடைய சொந்த மாப்பிள்ளை. அழகாக இருக்கிறான், ஆகாயத்தில் பறக்கிறான் என்று மகள் மயங்கிப்போய்க் கட்டிக்கொண்டவன். அவன் தெருமுனையில் திரும்பும்போதே வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாமனார் அவனுக்கு வைத்திருக்கும் பெயரே 'சென்ட்டு பாட்டில்'.

"அதை எடுத்ததும் என்ன பண்ணான் தெரியுமா? தண்ணில குதிச்சு விமானத்துக்கு அடியில போயிட்டான். நாங்க கத்துறோம், கதறுறோம், ஆளையே காணோம். ரொம்ப நேரம் கழிச்சு அந்தப் பக்கமா எந்திரிக்கிறான்!"

"அவன் உசுரு அவனுக்கு வெல்லக்கட்டி. இறக்கும்போதே தொம்முனு போட்டிருப்பானே?"

"இறங்கினதே தெரியல சார். செருப்பு நனைஞ்சப்பதான் தெரிஞ்சுது. நேத்து வாங்கின செருப்பு!"

செருப்புப் புலம்பலைக் கேட்கும் பொறுமை மெக்கானிக்குக்கு இல்லை. வேன் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது.

விமானத்தை ஏரியிலிருந்து கரைக்கு இழுத்து வந்திருந்தார்கள். எழுபது வயசான பறக்கும் படகு அது. மேலே இறக்கை, கீழே படகின் வயிறு. தரையில் சக்கரத்தால் ஓடிக் கிளம்பும், ஏரியில் வயிற்றால் இறங்கும். இன்று இறங்கிய கையோடு உள்ளே தண்ணீர் ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது இறக்கையை முறித்துக்கொண்டது. அதைப் பார்க்கப் பார்க்க மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. பாவி, ஒரு பழைய உசுரைக் கொன்னுட்டானே!

அதன் வயிற்றுக்கு அடியில் ஐந்து ஓட்டைகள் உண்டு. தினமும் சாயங்காலம் மூடிகளைக் கழற்றி உள்ளே தேங்கிய தண்ணீரை வடிப்பார். மூடிகள் ஒரு தகர டப்பாவில், விமானி இருக்கைக்கு அடியில் தூங்கும். காலையில் டப்பாவோடு கீழே படுத்து ஒவ்வொன்றாகத் திருகிப் பூட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். இருபத்தெட்டு வருஷக் கையெழுத்து, ஒரு குறை யாரும் சொன்னதில்லை.

இன்று காலைகூட அவர் திருகிக்கொண்டிருந்தபோது, "சாப்டீங்களா மாமா?" என்று குனிந்து பல்லைக் காட்டினான் மாப்பிள்ளை. சென்ட் வாடை அப்படியே முகத்தில் அறைந்தது. பதில் சொல்லாமல் எழுந்து, டப்பாவை அவன் கையில் திணித்துவிட்டு, கை கழுவப் போய்விட்டார். அவன் முகத்தில் விழித்த நாள் உருப்பட்டதே இல்லை.

விசாரணை அதிகாரி வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராக விமானத்துக்கு அடியில் படுத்தார்.

"இதுல ஒரு மூடி இல்லேன்னாலும் உங்க லைசென்ஸ் போயிரும், தெரியும்ல?"

"நல்லாப் பாருங்க சார்" என்றார் மெக்கானிக், கையைக் கட்டிக்கொண்டு.

"ஒண்ணு... ரெண்டு... அஞ்சு. அஞ்சும் இறுக்கமா இருக்கு. உங்க வேலை சுத்தம்." அதிகாரி எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு விமானியிடம் திரும்பினார். "அப்ப தண்ணி எப்படி ஏறுச்சு?"

மாப்பிள்ளையின் விரல்களில் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே சொன்னான்.

"வேகமா இறக்கிட்டேன் சார். முன்கதவையும் சரியா சாத்தல. தப்பு என்னோடதுதான்."

அதிகாரி அவனுடைய லைசென்ஸை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். மறு உத்தரவு வரும்வரை எதையும் ஓட்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்.

அதிகாரி ஜீப்பை நோக்கி நடந்ததுதான் தாமதம், மெக்கானிக் காறித் துப்பினார்.

"தூ! கதவைக்கூட சாத்தத் துப்பில்ல, உனக்கெல்லாம் ஒரு தொப்பி. உன்னைப் பார்க்கவே அருவருப்பா இருக்கு. எம்பொண்ணு இனி ஒரு நாளும் உங்கூட இருக்க மாட்டா. இப்பவே பெட்டியக் கட்டச் சொல்றேன்."

சொன்னபடியே போனை எடுத்து மகளின் எண்ணைத் தேடினார்.

"அவகிட்ட மட்டும் வேணாம் மாமா" என்றான் மாப்பிள்ளை. நின்ற இடத்திலேயே அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

"ஏன், வலிக்குதா? ஆறு பேர் உசுரக் கையில பிடிச்சிட்டு நின்னப்ப வலிக்கலையா? அப்படி எதைடா தேடி உள்ள போனே? சீப்பையா, சென்ட்டையா?"

அதிகாரியின் ஜீப் கிளம்பி வளைவில் மறையும்வரை மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"அஞ்சாவது மூடியத்தான், மாமா."