இரண்டு தட்டு

ஒவ்வொரு மழைக்கும் தெருச் சாக்கடை எதிர்த்து ஏறி லாட்ஜின் கீழ்த்தளத்தை நிறைத்தது. அதனால் லாட்ஜின் கழிவுநீர்க் குழாய் தெருச் சாக்கடைக் குழிக்குள் போய் முடியும் இடத்தில் பிளம்பர் அருளப்பன் ஒரு மூடி மாட்டியிருந்தான். உள்ளே இருந்து தள்ளினால் திறக்கும், வெளியே இருந்து தள்ளினால் அடைத்துக்கொள்ளும். இன்று சோதனை. கீழ்த்தளத்தில் போன் எடுக்காது. அருளப்பன் ஸ்பேனரால் குழாயில் தட்டினால் ஏழு மாடியிலும் மாடிக்கொருவராக நிற்பவர்கள் தண்ணீர் திறந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. தெருவில் குழியின் வாயோரம் நின்று பார்ப்பதற்கு மச்சான் சூசையை அனுப்பியிருந்தான்.

கேமராக் கம்பியைக் குழாய்க்குள் விட்டதும் கையகலத் திரையில் மூடி தெரிந்தது. யாரும் தண்ணீர் விடாமலே அது மெல்லத் தூக்கிக்கொண்டது. இடுக்கு வழியாக என்னவோ உள்ளே நீண்டு விளிம்பைத் தடவியது.

“என்னப்பா அது, எலியா?” என்றார் பக்கத்தில் குனிந்து திரையைப் பார்த்த லாட்ஜ் மேனேஜர்.

நான்கு விரல்கள். அதில் ஒன்று பாதி விரல்.

“எங்க மச்சான் சார்,” என்றான் அருளப்பன். “மேலயே நில்லுன்னுதானே சொன்னேன்.”

குழாயில் வாயை வைத்துக் கத்தினான். விரல்கள் மூடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. கைக்குக் கிடைத்த ஸ்பேனரை எடுத்து, ஏறி வா என்று குழாயில் ஓங்கி ஓங்கி அடித்தான்.

விரல்கள் நின்றன. கேட்டுவிட்டது என்பதுபோல மூடியில் இரண்டு தட்டுத் தட்டின.

தலைக்கு மேலே ஏழாம் மாடியில் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஆறாம் மாடியில்.