பட்டத்தின் வால்

"இண்டைக்கும் என்ரை பிள்ளையைத்தான் வாலாக்கிப்போட்டார் இந்த மனிசன்!"

செலீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சொன்னது வாய்க்குள்ளேதான். வெளியே கேட்டது தேத்தண்ணி ஊதுகிற சத்தம் மட்டும்.

சனிக்கிழமை காலை, செயின்ட்-மிஷேல் பூங்கா. தமிழ்ப் பெண்பிள்ளைகள் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக்கு ஐந்து பேர். இடித்து விழுத்துகிற விளையாட்டு இல்லை இது. பந்தோடு ஓடுகிறவளின் இடுப்பு நாடாவைப் பிடுங்கினால் போதும், அவள் நிற்க வேண்டியதுதான்.

எதிரணியிடம் பந்து இருக்கும்போது எப்படி நின்று மறிப்பது என்று கோச் ஞானேந்திரன்தான் சொல்லுவார். இந்த ஊர்ப் பாஷை பிரெஞ்சில் சொன்னால் எதிரணிக்கும் விளங்கிவிடுமே! அதனால் அவர் தன்ரை பாட்டுக்குப் பெயர் வைத்திருந்தார். "தோசை!" என்று கத்தினால் ஐந்து பேரும் முன்னுக்குப் பரந்து நிற்க வேண்டும். "பட்டம்!" என்றால் நாலு பேர் முன்னுக்கு, ஒருத்தி மட்டும் தூரத்தில் பின்னுக்கு. அவள்தான் வால்.

ஞானேந்திரனுக்குத் தோசை மறந்து கனநாள். எப்பவும் பட்டம். எப்பவும் வால், செலீனின் மகள் ஜென்சி.

கோச்சின் மகள் சர்மிளா முன்னுக்கு நின்று பிடுங்கின நாடாக்களில் ஒரு பாவாடையே தைக்கலாம். ஜென்சி இந்த சீசன் முழுக்க ஒரு நாடாவைத் தொட்டுப் பார்த்ததில்லை.

"அம்மா, குளிருதோ?" ஜென்சி திரும்பிக் கேட்டாள்.

செலீன் ஜென்சி நிற்கிற பக்கத்து எல்லைக் கோட்டுக்குப் பின்னால் மடக்குக் கதிரையில் தனிய இருந்தாள். மற்றத் தாய்மார் நடுக்கோட்டுப் பக்கம் கூட்டமாய்ச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே போய் என்னத்தைக் கதைக்கிறது?

"எனக்குக் குளிரேல்லை. நீ முன்னுக்குப் பார்."

"தொப்பியைப் போடுங்கோவன்."

"முன்னுக்குப் பாரடி எண்டால்!"

அந்த நேரம் பார்த்து பக்கத்து ஊர் லவாலில் இருந்து வந்த அணியின் கட்டைப் பிள்ளை ஒருத்தி, நாலு பேருக்குள்ளாலையும் நெளிந்து, ஜென்சியையும் தாண்டி, எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தோடு விழுந்து புள்ளி எடுத்தாள். ஜென்சி தாயின் மடியில் கிடந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, வால் நித்திரை!" என்று ஒருத்தி கத்தினாள். தாய்மார் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவ்வளவுதான். வீட்டில் போன் அடித்தாலே எடுக்கக் கூச்சப்படுகிற செலீன், கதிரையையும் தேத்தண்ணியையும் விட்டுவிட்டு விறுவிறு என்று நடுக்கோட்டுக்கு நடந்தாள்.

"அண்ணை!"

ஞானேந்திரனின் வாயிலிருந்த விசில் தானாக விழுந்தது.

"என்ரை பிள்ளை என்ன, நீங்கள் வயலுக்கு வைச்ச வெருளியோ? உங்கட மகள் முன்னுக்கு நிண்டு கைதட்டு வாங்கோணும், என்ரை மகள் பின்னுக்கு நிண்டு பேச்சு வாங்கோணும், என்ன? நாங்கள் மன்னார்ச் சனம், மாதாவைக் கும்பிடுற வேதக்காரர் எண்டுதானே இந்த ஓரவஞ்சனை?"

லவால் கோச்சுக்குத் தமிழ் ஒரு சொல்லும் விளங்காது. அவரும் ஓரடி பின்வாங்கினார்.

"நானும் மன்னார்தான்," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. பெயர் சிவமலர். 'வால் நித்திரை' என்று கத்தினதும் அவள்தான். "ஊர் அடம்பன். நீங்கள்?"

"வங்காலை," என்றாள் செலீன், கோபம் குறையாமலே.

"அட, கிட்டத்தானே! இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சே. வாங்கோ, இஞ்ச இருங்கோ."

ஞானேந்திரன் குனிந்து விசிலை எடுத்தார். மைதானத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பிள்ளையள், தோசை!"

ஜென்சி கட்டவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி முன்னுக்கு ஓடினாள். அடுத்த ஓட்டத்திலேயே ஒரு நாடாவைப் பிடுங்கித் தலைக்கு மேலே சுழற்றினாள். செலீன் கைதட்டின தட்டில் சிவமலர் தின்ன நீட்டின ரோல்ஸ் பலகாரப் பெட்டி கவிழப் பார்த்தது.

"பாத்தீங்களே அக்கா? கேட்டால்தான் கிடைக்கும்," என்றாள் செலீன், வாயில் ரோல்ஸோடு. "வாய் திறக்காட்டி எங்களை மிதிச்சுக்கொண்டு போயிடுவினம்."

"சத்தியமான கதை," என்றாள் சிவமலர்.

பிறகு எந்தக் கடையில் நல்ல மீன், ஆருடைய பிள்ளைக்கு எப்ப தேவாலயத்தில் முதல் நன்மை என்று கதை எங்கேயோ போய்விட்டது. ஆட்டம் முடிந்ததோ, தங்கள் பிள்ளைகள் தோற்றதோ செலீனுக்குத் தெரியாது.

எல்லாரும் வெளிக்கிடும்போது ஞானேந்திரன் அவளைத் தேடி வந்தார். கையில் அவள் மறந்து விட்டுவந்த மடக்குக் கதிரை.

மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார். செலீன் கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

"சொல்லுங்கோ அண்ணை."

"தங்கச்சி, வாலைக் கேட்டு வாங்கினது உங்கட மகள்தான். 'அம்மா அங்க தனிய இருக்கிறா அங்கிள், நான் கிட்ட நிண்டு கதைக்கிறன். அவ இஞ்சால வந்து நாலு பேரோட கதைக்கிற அண்டைக்கு என்னை முன்னுக்கு விடுங்கோ' எண்டு சீசன் துவங்கின முதல் நாளே சொன்னவள்."

கதிரையை அவள் கையில் கொடுத்தார்.

"அவள் கேட்டது நாலு பேர். நீங்கள் முழுப் பூங்காவுக்கும் கேக்கக் கதைச்சிட்டியள்."