தூண் பக்கத்தில்

சுண்டுவிரல் நகமளவு பொம்மை மனிதர்களுக்கு வண்ணம் தீட்டுவதுதான் இருதயராஜுக்குப் பொழுதுபோக்கு. தினமும் காலையில் அவன் ரயிலேறும் பிளாட்பாரத்தை அப்படியே செய்து கண்காட்சியில் வைத்திருந்தான். டீக்காரர், பூக்காரி, செய்தித்தாளில் முகம் புதைத்த வாத்தியார், எல்லோரும் இருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்து பார்த்த பெண்ணைக் கண்டதும் அவனுக்கு வியர்த்துவிட்டது. இரண்டு வருடமாக அதே ரயிலில் வரும் நர்ஸ். பிளாரன்ஸ் என்ற பெயரைக்கூட அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையில்தான் படித்திருந்தான். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மஞ்சக் குடையோட நிக்கிறது நாந்தானே?"

"கேக்காம பண்ணிட்டேங்க. தப்புன்னா எடுத்துடறேன்."

"தப்புதான்," என்றாள் அவள். அவன் முகம் வாடியது. "தெனமும் தூண் பக்கத்துல நின்னு என்னையே பாத்துட்டிருப்பாரே ஒருத்தர், அவர எங்க காணோம்?"

அவன் பெட்டியைத் துழாவி, வண்ணம் தீட்டாத வெள்ளைப் பொம்மை ஒன்றை எடுத்தான்.

"எங்க நிறுத்தட்டும்?"

அவள் தூணைக் காட்டினாள். பிறகு கொஞ்சம் யோசித்து, விரலை மஞ்சள் குடைக்குப் பக்கமாக நகர்த்தினாள்.