கடைசி நாற்காலி

"கேட்டை மூடிட்டாங்க. இப்ப வந்து பள்ளிக்கூடத்தையே பாத்துக்கினு நின்னா ஓட்டு விழுந்துடுமா?" என்றாள் மனைவி சூசை மேரி.

அமலதாஸ் குனிந்து தன் குதிகாலைப் பார்த்துக்கொண்டார்.

பார்க்க வேண்டிய குதிகால்தான். நேற்றுவரை கோடையில் காய்ந்த ஏரி மாதிரி வெடித்துக் கிடந்தது. இன்றைக்குத் திண்டிவனம் போய், லீவு விட்டிருந்த சலூன்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி, பாதிக் கதவைத் திறக்கவைத்து, தேய்த்து, சுரண்டி, எலுமிச்சம்பழம் போட்டுப் பளபளவென்று ஆக்கிக்கொண்டு வந்திருந்தார். திரும்பி வரத்தான் நேரத்துக்குப் பஸ் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் பெரிய வியாழனும் எம்.பி. எலெக்‌ஷனும் ஒரே நாளில் வந்து நின்றன. ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவிய நாள் அது. சாயங்காலப் பூசையில் ஃபாதர், பன்னிரண்டு பேரை நாற்காலியில் உட்காரவைத்துக் கால் கழுவுவார். அந்த நாற்காலிக்கு அமலதாஸ் ரொம்ப வருஷமாக ஆசைப்பட்டார். ஒவ்வொரு வருஷமும் மச்சான் ஸ்டீபன்ராஜ் தட்டிக்கொண்டு போய்விடுவான். இந்த முறைதான் தெருக் கிறிஸ்தவர்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் பெயர் எழுதிக் குலுக்கியபோது அமலதாஸுக்கு விழுந்தது. அதுவும் கடைசி நாற்காலி.

"யூதாஸ் சீட்டு" என்று சூசை மேரி அன்றைக்கே சிரித்தாள்.

"யூதாஸ் காலையும்தான் ஆண்டவர் கழுவினாரு. எனக்கு நாற்காலி கெடச்சா போதும்."

கிடைத்திருக்கும். நாலு நாளுக்கு முன்னால் குருத்து ஞாயிறு பிரசங்கத்தில் ஃபாதர் இஞ்ஞாசி ஒரு குண்டைத் தூக்கிப் போடாமல் இருந்திருந்தால்.

"ஓட்டுப் போடாதவன் நல்ல கிறிஸ்தவன் இல்ல. வியாழக்கிழமை விரல்ல மை இருக்கறவங்க காலைத்தான் கழுவுவேன். என் ஓட்டு இன்னும் வளவனூர்லதான் கெடக்குது. நானே பஸ் புடிச்சிப் போயி போட்டுட்டு வரப்போறேன். பக்கத்துல பூத்த வெச்சிக்கினு உங்களுக்கு இன்னா கேடு?"

அமலதாஸ் மூடிய கேட்டிலிருந்து கண்ணை எடுத்தார். "நீ போட்டுட்டியா?"

"காலையிலயே. அப்புறம் ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்கு லைன்ல நின்னவதான், வெளிய வர பொழுது சாஞ்சிடுச்சி. நம்ம ஊர்ல இவ்ளோ பாவம் இருக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது." அவள் குரலைத் தணித்தாள். "பேசாம ஃபாதர்கிட்ட உண்மையச் சொல்லிடுங்க. எந்தம்பி காலக் கழுவிக்கினு ரெடியா நிக்கறான்."

முதலில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அமலதாஸும் நினைத்தார். தம்பி என்ற சொல் காதில் விழுந்ததும் மனசு மாறிவிட்டது.

"நீ போ. தோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஜல்தியாகக் கோயிலை ஒட்டிய பங்கு அலுவலகத்துக்கு நடந்தார்.

உள்ளே யாரும் இல்லை. ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டுக்கு முத்திரை குத்துகிற ஸ்டாம்ப் பேடு மேசைமேல் இருந்தது. மை தொடத் தீக்குச்சியோடு குனிந்தவர் அப்படியே நின்றார். பேடு திறந்தே கிடந்தது. நடுவில் யாரோ விரலை அமுக்கிய குழி. மை இன்னும் அதில் ஊறிக்கொண்டிருந்தது.

நமக்கு முன்னாலேயே ஒரு பாவி வந்து போயிருக்கிறான் என்று தெரிந்ததும் அவருக்குப் பாதி பயம் போய்விட்டது. நகத்தின் மேல் தைரியமாகவே கோடு இழுத்தார்.

கோயில் வாசலில் ஃபாதர் இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். "பாத்துக்குங்க, நான் போட்டாச்சி. எங்க, உங்கள்து?"

பன்னிரண்டு விரல்கள் எழுந்தன. அமலதாஸின் விரல் பாதிதான் எழுந்தது. ஸ்டீபன்ராஜ் மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே வந்து பார்த்தான்.

"இன்னா மாமா, ஊதாவா இருக்குது?"

"காயக் காயக் கறுக்கும்டா."

"காலையில போட்ட ஓட்டு இன்னுமா காயல?"

"விடு ஸ்டீபன்" என்றார் ஃபாதர் அவசரமாக. "சந்தேகப்படறதும் பாவம்தான். நேரமாச்சி, உள்ள வாங்க."

அமலதாஸ் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். மை பட்ட கையை அக்குளில் செருகிக்கொண்டு அந்த இன்னொரு பாவியைத் தேடினார். மடியில் கிடந்த பதினோரு பேர் விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாமே கன்னங்கரேல் என்று இருந்தன, பூத்தில் வைத்த அசல் மை. ஊதா நிறத்தில் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது தான் ஒருவன் மட்டும்தானா? அவருக்கு வெட்கமாக இருந்தது. நாற்காலி முள்ளாகக் குத்தியது.

ஃபாதர் ஒவ்வொருவர் முன்பும் முட்டி போட்டு, தண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டே வந்தார். கடைசியாக அமலதாஸின் காலைப் பிடித்தார்.

"குதிகால் சுத்தமா இருக்குதே" என்றார் மெதுவாக.

அமலதாஸால் தாங்க முடியவில்லை. குனிந்து ஃபாதர் காதோரம் சொன்னார். "ஃபாதர், மன்னிச்சிடுங்க. நான் ஓட்டுப் போடல. இது ஸ்டாம்ப் பேடு மை."

ஃபாதர் நிமிரவில்லை. கழுவுவதை நிறுத்தவும் இல்லை. துண்டால் துடைத்து, முத்தமிட்டு, கையை எடுத்தார்.

எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்த அந்தக் குதிகாலில் ஊதாவாக ஒரு தீற்றல். அமலதாஸ் பதறிப்போய் அக்குளிலிருந்து கையை எடுத்துப் பார்த்தார். அவர் இழுத்த கோடு நனையாமல் அப்படியே இருந்தது. ஃபாதரின் ஆள்காட்டி விரலில்தான் மை இல்லை.

அந்தத் தீற்றலை அவசர அவசரமாகத் துடைத்தபடி ஃபாதர் முணுமுணுத்தார். "கொஞ்சம் தள்ளி உக்காரு அமலதாஸ். இந்த நாற்காலில நானும் உக்காரணும்."