ரேடியோ மேல் ஒரு புகார்

“இன்னைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பணும். இல்லைன்னா நான் கிளம்புறேன்.”

சொன்னவர் அவசர உதவி மையத்தின் கணினிப் பொறியாளரான அம்மையார். கையிலிருந்த அறிக்கையை மேற்பார்வையாளரின் மேசைமேல் ஓங்கி வைத்தார்.

“யாரை மேடம்?”

“வேற யாரு? உங்க ரேடியோவைத்தான்.”

ஏழாம் இருக்கையில் அமர்ந்து அழைப்புகளை ஏற்கும் பெண்ணுக்கு மையம் முழுவதும் சேர்ந்து வைத்த பெயர் அது. அவளுக்கு வாய் ஓயாது.

அங்கே வரும் ஒவ்வோர் அழைப்பிலும் இருபக்கப் பேச்சும் பேசப்பேச எழுத்தாகும். எழுத்தான சொல் அக்கணமே கணினியின் நினைவகத்தில் ஏறிவிடும். ‘தீ’ என்று யாராவது சொன்னால் தீயணைப்புப் பிரிவில் மணி அடிக்கும். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தெருப் பெயரைத் தேடினால், கண்ணிமைப்பதற்குள் முழு விலாசமும் அவர் திரையில் நிற்கும். பொறியாளர் மூன்று ஆண்டுகள் உழைத்துக் கட்டியது அது. அதில் ஒரு தூசி விழுந்தாலும் அவருக்குப் பொறுக்காது.

“நேத்து தீயணைப்பு வண்டி எதுக்குப் போச்சு தெரியுமா? இவ நாத்தனார் வீட்டு அடுப்புல தீப்பிடிச்ச கதையை லைன்ல சொல்லிட்டு இருந்திருக்கா. அதுவும் போன வருஷம் பிடிச்ச தீ!”

மேற்பார்வையாளருக்குச் சிரிப்பு வந்தது. மேசையைப் பார்த்துக்கொண்டார்.

“சிரிக்காதீங்க சார். திரையில ஓடுறப்பவே குறிச்சு வெச்சேன், கேளுங்க. ‘என் மாமியாருக்கு ரெண்டு காதும் அவுட்டு. நான் மனசுக்குள்ள திட்டினா மட்டும் கேட்டுடும்.’ இருபது நிமிஷம் இப்படி! உயிருக்குப் போராடுறவங்க கூப்பிடுற நம்பர்ல!”

“எதிர்ல இருக்கிறவங்க என்ன பேசினாங்க?”

“எங்க பேச விட்டா? அந்தப் பக்கம் ஒரு வார்த்தை இல்லை. கேட்டுக் கேட்டு மயக்கம் போட்டு விழுந்திருப்பாங்க.”

“ஒரு தடவை நேர்ல விசாரிச்சிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுறேனே?”

“தாராளமா வாங்க. இப்பவும் அதைத்தான் பண்ணிட்டு இருப்பா.”

அதைத்தான் பண்ணிக்கொண்டிருந்தாள். குரல் கம்மிப்போயிருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

“...நாலு கடை ஏறி இறங்கி ஒரு குடை வாங்கினேன் அக்கா. மழை வந்தா மட்டும் விரிய மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரர் மாதிரியே. அவசரத்துக்கு ஆகாது...”

“நிறுத்து!” என்றார் பொறியாளர்.

ரேடியோ ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு, “கடைக்காரன்கிட்ட திருப்பிக் கொண்டுபோனா...” என்று தொடர்ந்தாள்.

பொறியாளருக்குக் கோபம் தலைக்கேறியது. எட்டி, ஒலிவாங்கியின் பொத்தானை அணைத்தார். “வேலை போகப்போகுது, இன்னும் குடைக் கதையா?”

“ஐயோ மேடம், பட்டனைப் போடுங்க!”

“முதல்ல பதில் சொல்லு. லைன்ல யாரு?”

“யாரோ ஒரு அம்மா. வீட்டுல தனியா இருக்காங்க. நெஞ்சு வலின்னாங்க, விலாசம் சொன்னாங்க, அதோட பேச்சு நின்னுபோச்சு. மூச்சு மட்டும் கேக்குது. வண்டி பாலத்து நெரிசல்ல மாட்டிக்கிட்டு நிக்குது.”

“உன் குடைக் கதையைக் கேட்டு அவங்க எழுந்து உக்காந்துடுவாங்களா?”

“அவங்களுக்காகப் பேசல மேடம். மெஷினுக்காகப் பேசுறேன். அதுக்கு மூச்சை எழுதத் தெரியாது. தொண்ணூறு செகண்டு வார்த்தை விழலைன்னா பேச்சு முடிஞ்சுதுன்னு மொத்தத்தையும் அழிச்சிடுது. டிரைவர் திரையில விலாசமும் போயிடுது. போன மாசம் ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு. வண்டி தெருத்தெருவா அலைஞ்சுது. போய்ச் சேர்ந்தப்ப...” அவள் கண் திரைக்கு ஓடியது. “அன்னையிலேருந்து வாயில வந்ததையெல்லாம் பேசுறேன். தீக்கதை சொன்னது தப்புதான், ஒத்துக்கிறேன். இப்ப பட்டனைப் போடுங்க!”

மேற்பார்வையாளரின் குரல் உயர்ந்தது. “அப்படி அழிக்கச் சொல்லி யாரும்மா வெச்சது?”

“யாரோ நல்லாப் படிச்சவங்க சார். மாத்தச் சொல்லி மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். ‘நினைவகம் வீணாகும், மாற்ற இயலாது’ன்னு மூணு தடவையும் ஒரே பதில். கீழே இருந்த கையெழுத்து எனக்குப் புரியல.”

திரையில் அந்த அழைப்பின் வரி மஞ்சளாகியிருந்தது. ஓரத்தில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பதினான்கு. பதின்மூன்று.

பொறியாளர் பொத்தானைப் போட்டார்.

ரேடியோ வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. அந்த இயந்திரத்துக்கு இருமலையும் எழுதத் தெரியாது. எட்டு. ஏழு. அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் புட்டியைத் தேடினாள்.

பொறியாளர் ஒலிவாங்கியைத் தம் பக்கம் இழுத்தார். வெட்டிப்பேச்சுப் பேசி அறியாத வாய். அதற்கு அப்போது தெரிந்திருந்தது ஒரே ஒரு கதை.

எதிர்முனையில் கதவு உடைபடும் ஓசையும், “நாடி இருக்கு, தூக்குங்க” என்ற ஆண் குரலும் கேட்கும்வரை, பதினொரு நிமிடம் அவர் நிறுத்தவே இல்லை.

முதல் வாக்கியம் இதுதான்:

“அம்மா, அந்தக் கையெழுத்து என்னோடது.”